ஈரத்தலை

தலை நன்றாகக் காய்ந்திருந்தது. டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து பின்னலை அவிழ்த்ததும் தண்டபாணி முதல் காரியமாக அதைத்தான் பார்த்தான், பார்த்ததோடு விடாமல் விரலை விட்டு வேர்க்கால் வரைக்கும் தடவியும் பார்த்தான், சீயக்காய் வாசம் இருந்தது, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, ஈரமும் இல்லை, அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டான். "நேத்து மத்தியானமே தலைக்கு வாத்துட்டனுங் சார். காய வெச்சுட்டு வாங்க, காய வெச்சுட்டு வாங்கன்னு போன்ல அத்தன வாட்டி சொன்னீங்களே. எங்கூட்டுக்காரரு ஃபேனுக்கடியில ரெண்டு மணி நேரம் உக்கார வெச்சுப்போட்டாரு" என்று செல்வநாயகி டீச்சர் சிரித்தார். வீட்டுக்காரர் சென்னியப்பன் வெளியே வராந்தாவில் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தண்டபாணியும் சிரித்தான், ஆனால் அது பாதிச் சிரிப்பு. ஆறு நாளாக நெஞ்சுக்குள் ஒரு கல் உட்கார்ந்திருக்கிறது, அது கிடக்கிற இடத்தைத் தாண்டிச் சிரிப்பு முழுசாக வெளியே வருவதில்லை. இருபத்திரண்டு வருடமாக இதுதான் அவன் பிழைப்பு: மனுஷர்களின் தலையில் ஜெல் வைத்து, மூளை ஓடவிடுகிற மின்சாரத்தைக் கோடு கோடாகக் கம்ப்யூட்டரில் பதிந்து, கணக்கு மெஷின் வந்த ஆறு வருடமாக உள்ளே எந்த இடம் எந்த இடத்தோடு பேசிக்கொள்கிறது என்று கணக்கும் போட்டு டாக்டருக்குச் சொல்வது. கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில், ஜன்னல் இல்லாத இந்த அறையில், எத்தனை தலைகள். எட்டு மாசத்துக்கு முன்னால் இதே நாற்காலியில் இதே டீச்சர். அன்றைக்கும் இப்படித்தான் விரலை விட்டுத் தடவினான், எண்ணெய் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தான், இல்லை என்றதும் சந்தோஷமாகத் தொப்பியை மாட்டினான். இன்றைக்கும் அதே தொப்பிதான், துவைத்துக் காய வைத்தது.

தொப்பியில் முப்பத்திரண்டு ஓட்டை, ஓட்டைக்கு ஒரு எலக்ட்ரோடு, ஒவ்வொன்றுக்குள்ளும் முனை மழுங்கிய சிரிஞ்சால் மயிரை விலக்கிச் சொட்டு ஜெல் விட வேண்டும், விட்டதும் திரையில் அந்தப் புள்ளி சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறும். இன்றைக்குப் புள்ளிகள் அடம்பிடித்துத்தான் மாறின. ஒன்றுக்கு மூன்று தடவை தேய்க்க வேண்டியிருந்தது, அதுவே அவனுக்கு நிம்மதியாக இருந்தது, காய்ந்த தலை என்றால் அப்படித்தான் அடம்பிடிக்கும். அன்றைக்கோ முப்பத்திரண்டும் மடமடவென்று பச்சையாகிவிட்டன. இத்தனை அடர்த்தியான முடிக்கு இவ்வளவு சீக்கிரமா என்று தன் கைராசியை மெச்சிக்கொண்டான், முட்டாள். ஈரம், ஈரத்தால் வந்த பச்சை. கார்த்திகை மாசம், கோபியிலிருந்து முதல் பஸ், விடிகாலை நாலரைக்குத் தலைக்கு ஊற்றிக்கொண்டு, துவட்டின தலையை அப்படியே கொண்டையாக முடிந்துகொண்டு வந்திருந்தார். ஏன் வரமாட்டார்? 'தலைக்குக் குளித்துவிட்டு, எண்ணெய் வைக்காமல் வரவும்' என்று கையில் கொடுத்த சீட்டில் இருக்கிறதே, சீட்டை எழுதினது யார், தண்டபாணி. சொன்னதைச் சொன்னபடி செய்கிற பள்ளிக்கூட டீச்சர். இருபத்திரண்டு வருடமும் அவனுடைய சண்டையெல்லாம் தேங்காய் எண்ணெயோடுதான். எண்ணெய் இருந்தால் ஜெல் ஒட்டாது, கோடு அலையும், மறுபடி கழுவு, மறுபடி மாட்டு. அதனால் சீட்டில் எண்ணெய்க்கு இடம் கிடைத்தது, தண்ணீருக்குக் கிடைக்கவில்லை. தண்ணீரால் என்ன கெடுதல் வரும் என்று யார்தான் நினைப்பார்கள்? ஈரத்தில் ஜெல் இளகியது, முடி அடர்த்தி என்று அவனும் ரெண்டு சொட்டுக் கூடவே விட்டான், தொப்பிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் அது வழிந்து, இடது காதுக்கு மேலே இருந்த எலக்ட்ரோடும் அதற்கு முன்னால் நெற்றிப் பக்கம் இருந்த எலக்ட்ரோடும் ஒரே குட்டைக்குள் நின்றன. "வலிக்குதுங்களா டீச்சர்?" என்று இப்போது கேட்டான். "இல்லீங், கூச்சமா இருக்குது" என்றார். அந்த இரண்டு இடத்துக்கும் இன்று அரைச் சொட்டு, அரைச் சொட்டாக விட்டான், நடுவில் பஞ்சால் துடைத்துப் பார்த்தான், மறுபடியும் துடைத்தான்.

"கண்ண மூடிக்குங்க டீச்சர், ரெண்டு நிமிஷம், தூங்கிப்போடாதீங்க." கண்ணை மூடினதும் பின்மண்டைக் கோடுகள் நிதானமாக மேலும் கீழும் போக ஆரம்பித்தன. தண்டபாணிக்கு இந்த வேலையில் பிடித்தமானது இந்த ஒரு இடம்தான், யாராக இருந்தாலும் சரி, கண்ணை மூடினால் உள்ளே ஏதோ அடங்குகிறது, மில் முதலாளிக்கும் அடங்குகிறது, ரோடு போடுகிறவருக்கும் அடங்குகிறது. ஏழாம் கோடு, எட்டாம் கோடு. பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கண் அங்கேதான் போயிற்று. ஏழு காதுக்கு மேலே, வலிப்பு கிளம்புகிற இடத்துக்கு நேராக. எட்டு அதற்கு முன்னால், பேச்சு இருக்கிற இடத்துக்கு நேராக. ஒன்றுபோல ஓடுகின்றனவா? ஓடுவதுபோல் இருக்கிறது, இல்லை, அதோ எட்டு தனியாக ஒரு வளைவு வளைந்தது, இல்லை, அது டீச்சர் எச்சில் விழுங்கினது. கண்ணால் பார்த்தெல்லாம் சொல்ல முடியாது, இருபத்திரண்டு வருடக் கண்ணாக இருந்தாலும் முடியாது, கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும், கண்ணை நம்பித்தானே... இல்லை, போன தடவை கண்ணை நம்பவில்லை, கணக்கைத்தான் நம்பினான். டீச்சருடைய இடது கை நாற்காலிக் கையின் மேல் மல்லாந்து கிடந்தது. முழங்கைக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குப் புதுத் தோல், ரோஸ் நிறத்தில், சுருங்கி. தொப்பி மாட்டும்போதே கேட்டிருந்தான், கேட்காமல் இருந்திருக்கலாம். "மாசியிலீங் சார். தோசை வாத்துட்டிருந்தேன், கல்லு மேல கைய வெச்சுட்டே ஃபிட்ஸ் வந்துருச்சு. யாரோ தீயற வாசம்னு ஓடியாந்து எடுத்தாங்க. வாசம் என்னோடதுன்னு எனக்குத் தெரியாது" என்று பாடம் நடத்துகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். கார்த்திகையில் அவன் ரிப்போர்ட், மாசியில் தோசைக்கல். மூன்று மாசம். விரல் விட்டு எண்ண வேண்டியதில்லை, ஆறு நாளாக எதை எண்ணினாலும் அந்த மூன்றில்தான் வந்து நிற்கிறது.

"இப்பத் திரையில படம் வருமுங். பாத்துட்டு அதும் பேர மனசுக்குள்ள சொல்லுங்க, வாய் அசையக் கூடாது." பூசணிக்காய், குடை, கடிகாரம், ஏணி. டீச்சர் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு பார்த்தார், ஏணி வந்தபோது மட்டும் உதடு துடித்தது, வாய் மூடிப் பழக்கமில்லாத ஜீவன், ஏழாம் வகுப்புக்குத் தமிழ் நடத்துகிறவர். நடத்திக்கொண்டிருந்தவர். வகுப்பிலேயே ஒருநாள் வலிப்பு வந்து விழுந்தபிறகு பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று ஆபீஸ் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். கார்த்திகையில் ரிப்போர்ட் வந்த அன்றைக்கு டாக்டர் சௌந்தரம் பக்குவமாகத்தான் சொன்னார். ஸ்கேனில் மூளையில் ஒரு தழும்பு தெரிகிறது, ஆபரேஷன் பண்ணி அதை எடுத்துவிட்டால் வலிப்பு நின்றுபோக நல்ல வாய்ப்பு இருக்கிறது, ஆனால் பேச்சு இருக்கிற இடம் பக்கத்திலேயே இருக்கிறது, இரண்டும் ஒட்டா, தனியா என்று ஸ்கேன் தெளிவாகச் சொல்லவில்லை, தண்டபாணியின் ரிப்போர்ட் சொல்கிறது, இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன, கையை வைத்தால் பேச்சு போய்விடும். ரிப்போர்ட்டோடு ஓரமாக நின்றிருந்த தண்டபாணிக்கு அந்த நேரம், நிஜத்தைச் சொன்னால், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஸ்கேன் சொல்லாததை நம் கணக்கு சொல்லிவிட்டதே. டீச்சர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "அப்ப வேண்டாமுங் டாக்டர். பேச்சப் போக்கீட்டு இந்த உசுர வெச்சு நான் என்ன பண்ணட்டும்? விழுந்து எந்திரிச்சுக்கறேன்" என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். விழுந்து எழுந்துகொண்டுதான் இருக்கிறார்.

0.97. ஒன்று என்றால் முழுப் பிணைப்பு, பூஜ்யம் என்றால் சம்பந்தமே இல்லை, அவனுக்கு வந்தது 0.97. மூளைக்குள் இரண்டு இடம் எவ்வளவு அன்னியோன்யமாக இருந்தாலும் ஒன்று சொன்னது இன்னொன்றுக்குப் போய்ச்சேர ஒரு இம்மி நேரமாவது பிடிக்கும், இடையில் கொஞ்சமாவது இரைச்சல் கலக்கும். அப்படி அச்சில் வார்த்தது மாதிரி 0.97 வந்தால் சந்தேகப்பட வேண்டும் என்று புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு அவனே வகுப்பு எடுக்கிறான். தனக்கு வந்தபோது சந்தேகப்படவில்லை, தலை கால் புரியவில்லை. ஹைதராபாத்தில் நடந்த மாநாட்டில் டாக்டர் அந்தப் படத்தைப் பெரிய திரையில் போட்டு, இது எங்கள் தண்டபாணி கண்டது என்று பெயர் சொல்லிச் சொன்னார். இரண்டு புள்ளிக்கு நடுவில் கயிறு மாதிரி தடித்த சிவப்புக் கோடு, முன்வரிசையில் யாரோ போனில் படம்கூட எடுத்தார்கள். அது மூளை போட்ட கோடு இல்லை, ஜெல் போட்ட கோடு. போன வெள்ளிக்கிழமைதான் புத்தி வந்தது. ஆடி வெள்ளி என்று தலைக்குக் குளித்து, கோயிலுக்குப் போய்விட்டு, அப்படியே நேராக டெஸ்டுக்கு வந்த ஒரு காலேஜ் பெண், ஈரத்தலை, திரையில் இரண்டு கோடுகள் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஓடின. தொப்பியைக் கழற்றிப் பார்த்தால் இரண்டு ஓட்டைக்கும் நடுவே ஜெல் குட்டையாகத் தேங்கி நிற்கிறது. அந்த நொடியில் கோபி டீச்சரின் ஈரக் கொண்டை ஞாபகத்துக்கு வந்தது. பழைய பதிவைத் தேடி எடுத்து ஏழிலிருந்து எட்டைக் கழித்தான். மிச்சம் ஒன்றும் இல்லை. நாற்பது நிமிஷப் பதிவிலும் ஒன்றுமே இல்லை, வழவழவென்று ஒரு நேர்க்கோடு. இரண்டு இடம் பேசிக்கொள்வதை அவன் பதியவே இல்லை, ஒரே இடத்தை இரண்டு தடவை பதிந்திருக்கிறான்.

ஆனால் அதிலும் ஒரு முடிச்சு இருந்தது, அதுதான் ஆறு நாளாக அவனைப் போட்டு அரைத்தது. பழைய கணக்கு பொய் என்பதால் நிஜம் என்ன என்று தெரிந்துவிடாதே. ஜெல் இல்லாமலே இரண்டும் பின்னித்தான் கிடக்கின்றனவோ என்னவோ. அதனால்தான் டாக்டரிடம் போய், "புதுசா தொப்பி வந்திருக்குதுங் மேடம், கோபி டீச்சருக்கு ஒருக்கா மறுபடி எடுத்துப் பாத்துக்கட்டுங்களா" என்று வாய் கூசாமல் ஒரு பொய்யைச் சொன்னான். "எடுங்க தண்டபாணி, நல்லதுதானே" என்று அவரும் சிரித்த முகமாகச் சொல்லிவிட்டார், அந்தச் சிரிப்பு வேறு இன்னும் குத்துகிறது. மறுபடி எடுத்ததிலும் பிணைப்பு 0.8, 0.9 என்று வந்துவிட்டால் யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை, ரிப்போர்ட் ரிப்போர்ட்டாகவே இருக்கும், சிவப்புக் கோடு சிவப்புக் கோடாகவே இருக்கும். அப்படி வந்துவிட்டால் தேவலை என்று மனசின் ஒரு மூலை முனகியதை அவன் கேட்டான். திரையில் ஏணிக்கு அடுத்து ஆட்டுக்கல் படம் வந்தது, டீச்சர் அதை மனசுக்குள் சொன்னார், அவர் கை அந்த ரோஸ் தோலோடு அசையாமல் கிடந்தது, தண்டபாணிக்கு அந்த மூலையை நினைத்து அருவருப்பாக இருந்தது. இந்த அம்மா ஆயுசுக்கும் விழுந்து எழட்டும், என் பேர் கெடாமல் இருக்கட்டும் என்றா நினைத்தேன்? நினைத்தேன், ஒரு நொடிதான், ஆனால் நினைத்தேன். அவன் தலையில் யாரும் தொப்பி மாட்டவில்லை, அது ஒரு புண்ணியம்.

"முடிஞ்சுதுங் டீச்சர். கணக்கு ஓடறவரைக்கும் தொப்பி இருக்கட்டும், தேவைப்பட்டா இன்னொருக்கா எடுக்கோணும்." கண் சிமிட்டல்களை வெட்டி எறிந்தான், எச்சில் விழுங்கல்களை வெட்டினான், மின்விசிறியிலிருந்து வருகிற இரைச்சலை வடிகட்டினான், பொத்தானைத் தட்டினான். திரையின் அடியில் பச்சைப் பட்டை நகர ஆரம்பித்தது. பத்து சதவீதம். முதலில் கழித்தல், ஏழிலிருந்து எட்டு. மிச்சம் இருந்தது, நிறைய இருந்தது, மேடும் பள்ளமுமாக உயிரோடு துடிக்கிற ஒரு கோடு மிச்சம் இருந்தது, ஜெல் வழியவில்லை, இன்றைக்கு இரண்டும் இரண்டு இடம்தான். நாற்பது சதவீதம். இதனால் மட்டும் ஒன்றும் ஆகிவிடாது, பொறு. வெளியே ஆடிக் காற்று எங்கோ ஒரு கதவைப் போட்டு அடித்துக்கொண்டே இருந்தது, யாராவது அதைச் சாத்தித் தொலைக்கக் கூடாதா. அறுபது. வீட்டில் மனைவி கோகிலா காலையில் என்னவோ கேட்டாளே, கேஸ் புக் பண்ணியாச்சா என்றா, இல்லை, ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க என்று கேட்டாள், வயிற்றில் கேஸ் என்று அவன்தான் பதில் சொன்னான். எழுபது, எழுபதிலேயே நின்றது, இந்த மெஷின் எப்போதும் எழுபதில் மூச்சு வாங்கும், வேண்டுமென்றே பண்ணுகிற மாதிரி இருந்தது. குறைவாக வரட்டும், குறைவாக வரட்டும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டிருப்பதைத் தாமதமாகத்தான் கவனித்தான், கவனித்ததும் இன்னும் பலமாகச் சொன்னான். தொண்ணூறு. நூறு.

0.29.

படித்தான். இலக்கம் இடம் மாறியிருக்குமோ என்று மறுபடி படித்தான். கோடுகளின் வரிசை தவறியிருக்கும் என்று பட்டியலைத் திறந்து பார்த்தான், ஏழு ஏழுதான், எட்டு எட்டுதான். பதிவை இரண்டு பாதியாக வெட்டி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஓட்டினான், 0.31, 0.27. நேரத் தாமதத்தையும் சேர்த்துப் பார்க்கிற இன்னொரு கணக்கை ஓட்டினான், அதிலும் கொஞ்சம்தான். பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குள் எவ்வளவு பழக்கம் இருக்குமோ அவ்வளவுதான், போகும்போது வரும்போது தலையாட்டிக்கொள்கிற பழக்கம், கயிறும் இல்லை, பின்னலும் இல்லை. வலிப்பு ஒரு பக்கம் கிளம்புகிறது, பேச்சு தன்பாட்டுக்குத் தன் வீட்டில் இருக்கிறது. நெஞ்சில் இருந்த கல் எங்கே போனதென்றே தெரியவில்லை. இனிமேல் மாநாட்டுப் படம் போச்சு, பேர் போச்சு, போகட்டும், போனால் என்ன. தான் தப்பு என்று நிரூபணமானதற்கு ஒரு மனுஷன் இவ்வளவு சந்தோஷப்பட முடியும் என்று அவனுக்கு நாற்பத்தாறு வயசில்தான் தெரிந்தது, கண் கரித்தது, மூக்கை உறிஞ்சினான், ஜலதோஷம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று அதற்கும் ஒரு பொய்யைத் தயார் பண்ணிவைத்தான். அப்புறம் ஒரு இடறல் வந்தது. இருபத்திரண்டு கார்த்திகை, இருபத்திரண்டு ஆடி, எத்தனை ஈரத்தலைகள். வரட்டும். கணக்குப் போட்டுத் தீர்ப்புச் சொல்கிற மெஷின் வந்து ஆறு வருடம்தான் ஆகிறது, அதிலிருந்து எல்லாப் பதிவையும் எடுத்து ஒவ்வொரு ஜோடியாகக் கழித்துப் பார்க்க வேண்டும், தலைக்குப் பத்து நிமிஷம், பார்த்துவிடலாம். செய்வதற்கு ஒரு வேலை இருக்கிறது என்பதே தெம்பாக இருந்தது.

முடிவை டாக்டர்தான் சொல்ல வேண்டும், டெக்னீஷியன் வாயைத் திறக்கக் கூடாது, அது சட்டம், அவன் மீறினதே இல்லை. தொப்பியின் வாரை அவிழ்க்கக் குனிந்தான். அவிழ்க்கவில்லை. "டீச்சர், போன தடவ நான் எடுத்தது தப்புங்" என்றான். சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது. டீச்சர் திரும்பிப் பார்த்தார், முப்பத்திரண்டு வயரும் கூடவே திரும்பின. ஈரத்தைச் சொன்னான், ஜெல்லைச் சொன்னான், சீட்டில் தான் எழுதாமல் விட்டதைச் சொன்னான், புதுத் தொப்பி என்பது பொய் என்பதையும் சொன்னான். 

"எட்டு மாசமுங் சார்" என்றார் கடைசியில்.

"ஆமாங்."

"அப்ப எனக்குப் பேச்சு போகாதுங்களா?"

"அத டாக்டர்தானுங் சொல்லோணும். இன்னும் ரெண்டு மூணு டெஸ்ட் பாக்கி இருக்குது. ஆனா போயிரும்னு சொன்னதுக்கு ஒரு காரணம் காமிச்சோம் பாருங்க, அது இல்லீங். அது எங் கையால வந்தது."

டீச்சர் ரோஸ் தோலை வலது கையால் மூடிக்கொண்டார். அழுகிறாரா, கோபப்படுகிறாரா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று பிறகு தெரிந்தது, ஏனென்றால் கண்ணைத் துடைத்த கையோடு அதட்டினார். "இதக் கழட்டிப்போட்டு எந்திரிங்க. போய் டாக்டர்கிட்டச் சொல்லுங்க, இப்பவே. நானும் வர்றேன், எங்கூட்டுக்காரரும் வரட்டும். தனியா உட்டா நீங்க பாதிய முழுங்கிப்போடுவீங்க. இருவது வருசம் பசங்களப் பாத்தவ நானு, எனக்குத் தெரியாதா?"

தெரியத்தான் தெரிந்திருந்தது, மேடத்திடம் எதை முதலில் சொல்வது, எதைக் கொஞ்சம் பூசினாற்போல் சொல்வது என்று அவன் அந்நேரம் யோசிக்க ஆரம்பித்திருந்தான். வாரை அவிழ்த்து, தொப்பியை மெதுவாகக் கழற்றி மேஜைமேல் வைத்தான். தலையெல்லாம் ஜெல் திட்டுத் திட்டாக இருந்தது, துடைக்கத் துண்டை நீட்டினான், "அது கெடக்குது உடுங்க" என்று டீச்சர் எழுந்து கதவைத் திறந்து வராந்தாவில் முன்னால் நடந்தார். சென்னியப்பன் பையோடு பதறி எழுந்து, "என்னாச்சு கண்ணு?" என்றார். "வாங்க, நடந்துக்கிட்டே சொல்றேன்" என்று டீச்சர் நிற்காமல் போனார். தண்டபாணி இரண்டடி பின்னால் போனான். டாக்டர் அறைக்கு இன்னும் நாலு கதவு இருந்தது. ஆறு நாளில் முதல் தடவையாக அவனுக்கு நன்றாகப் பசித்தது.